பொடுகுக்குத் தீனி போடுறதை நிறுத்துங்க

நீளமான திரெட். ஞாயித்துக்கிழமை காலையில தலை நிறைய எண்ணெய் வச்சு ஊற வச்சுட்டு ஃபோன் பாக்குறீங்கன்னா கண்டிப்பா படிங்க. உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

போன வாரம் ஓபியில ஒரு பையன். ஏழு வயசு, ரெண்டாங்கிளாஸ். தலையில துண்டு கட்டிட்டு அம்மா கையைப் பிடிச்சுட்டு வந்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"பொடுகுதான் மேடம். ரெண்டு மாசமா இருந்துச்சு. இப்ப புண்ணாயிடுச்சு."

துண்டை எடுத்துப் பார்த்தேன். உச்சிக்குக் கொஞ்சம் பின்னாடி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். தொட்டா பஞ்சு மாதிரி அமுங்குது. மேல அங்கங்க சீழ். அந்த இடத்து முடியைப் பிடிச்சு லேசா இழுத்தா வலியே இல்லாம கையோட வருது. பின்கழுத்துல நெறி கட்டியிருக்கு.

இந்த ரெண்டு மாசத்துல அந்தத் தலைக்கு என்னென்ன நடந்ததுன்னு கேட்டேன். முதல்ல தினமும் தேங்காய் எண்ணெய். கேக்கலன்னதும் எண்ணெயில கற்பூரம். அப்புறம் எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்ச்சது. பக்கத்து வீட்டு அக்கா ஃபோன்ல ஒரு வீடியோ காட்டினாங்கன்னு சின்ன வெங்காயச் சாறு. குலதெய்வம் கோயில்ல ஒரு மொட்டை. மெடிக்கல்ல கேட்டு வாங்கின ஒரு ட்யூப், மூணு வாரம். கடைசியா ஒரு இடத்துல "சீழ்க்கட்டி, கீறி விடணும்"னு சொல்லவும் பயந்து போய் எங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க.

இது பொடுகு இல்ல. ரெண்டு மாசம் முன்னாடியும் இது பொடுகா இருந்ததில்ல. தலையில வர்ற படர்தாமரை. அது முத்திப் போய் கெரியான்னு நாங்க சொல்ற நிலைக்கு வந்துடுச்சு. மாத்திரையில குணமாகிடும். ஆனா "அந்த எடத்துல முடி முளைச்சிரும்ல மேடம்?"னு அந்தம்மா கேட்டப்ப என்னால ஆமான்னு சொல்ல முடியல. கெரியான் ஆறும்போது தழும்பு விழுந்தா அந்த இடத்துல முடியோட வேர் செத்துடும். அப்புறம் எந்த எண்ணெயும் எந்த டாக்டரும் அதை எழுப்ப முடியாது.

கிளம்புறப்ப அவங்க சொன்னதுதான் இந்த திரெட்டுக்குக் காரணம். "பிள்ளைக்கு எண்ணெய் வைக்காம காய விட்டேன்னு எங்க மாமியா ஒரே ஏச்சு மேடம்."

நூறு நாள் வேலைக்குப் போயிட்டு வந்து, ராத்திரி உக்கார வச்சு, தினமும் எண்ணெய் தேய்ச்சு விட்டிருக்காங்க. அவங்களுக்குத்தான் அந்தப் பழி.

சரி, விஷயத்துக்கு வரேன். முதல்லயே சொல்லிடுறேன், நான் எம்.பி.பி.எஸ். தோல் நிபுணர் இல்ல. ஓபியில எல்லாத்தையும் பாக்குற டாக்டர். இதுல எழுதுறது எல்லாமே எம்.பி.பி.எஸ். பாடப்புத்தகத்துல இருக்கிற விஷயம்தான்.

இன்னொண்ணு. எனக்கும் பொடுகு உண்டு. பதிமூணு வயசுல ஆரம்பிச்சது. காலேஜ்ல கருப்பு சுடிதார் எடுக்குறதையே விட்டவ நான். அதனால "உனக்கு என்ன தெரியும் எங்க கஷ்டம்"னு வராதீங்க.

பொடுகுன்னா என்ன?

நம்ம தலைத்தோல்ல மலசீசியான்னு ஒரு ஈஸ்ட் வகைப் பூஞ்சை குடியிருக்கு. உங்க தலையிலயும் இருக்கு, என் தலையிலயும் இருக்கு, ஷாம்பு விளம்பரத்துல தலையை ஆட்டுற நடிகை தலையிலயும் இருக்கு. 1874-ல லூயி மலசேன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் பொடுகுச் செதிலை மைக்ராஸ்கோப்ல பார்த்து இதை விவரிச்சார். பேரு அவர் பேருதான். நம்ம ஊர்ல நெஞ்சுலயும் முதுகுலயும் தேமல் வருது பாருங்க, அதுவும் இதே குடும்பத்துப் பூஞ்சை பண்ற வேலைதான்.

இந்தப் பூஞ்சைக்கு ஒரு குறை உண்டு. உயிர் வாழ கொழுப்பு அமிலம் வேணும், ஆனா அதைச் சொந்தமா தயாரிக்கத் தெரியாது. 2007-ல இதோட மரபணு முழுசையும் படிச்சுப் பார்த்தப்ப கொழுப்பு அமிலம் தயாரிக்கத் தேவையான முக்கியமான மரபணுவே அதுகிட்ட இல்லன்னு தெரிஞ்சது. அதனால அது நம்ம தலைத்தோல் சுரக்குற எண்ணெய்ப்பசையை நம்பித்தான் வாழுது. அந்த எண்ணெயை உடைச்சுத் தனக்கு வேணும்கிறதைச் சாப்பிட்டுட்டு மிச்சத்தை அங்கயே விட்டுடும். அந்த மிச்சத்துல இருக்கிற ஓலிக் அமிலம் தோலுக்குள்ள இறங்கி எரிச்சல் கிளப்பும். சில பேர் தோல் அதைப் பொறுத்துக்கும். சில பேர் தோல் பொறுத்துக்காது. பொறுத்துக்காத தோல், செல்களை அவசர அவசரமா வளர்த்து அவசர அவசரமா உதிர்க்கும். கண்ணுக்குத் தெரியாம தனித்தனியா உதிர வேண்டியது கொத்துக் கொத்தா விழும். உங்க தோள்மேல விழுறது அதுதான்.

இதுல அழுக்கு எங்க வந்துச்சு? வறட்சி எங்க வந்துச்சு?

"எண்ணெய் பத்தாம தலை காஞ்சு போய் பொடுகு வருது"ன்னு சொல்றவங்க ஒரு நிமிஷம் யோசிங்க. பொடுகு எந்த வயசுல ஆரம்பிக்குது? வயசுக்கு வர்ற காலத்துல. அதாவது ஹார்மோன் ஏறி, முகமும் தலையும் எண்ணெய் வழிய ஆரம்பிக்கிற நேரத்துல. காஞ்சு போறதுதான் காரணம்னா ஆறு வயசுப் பிள்ளைக்கும் எழுபது வயசுத் தாத்தாவுக்கும்ல அதிகமா வரணும்?

நான் எம்.பி.பி.எஸ். ரெண்டாம் வருஷம் படிக்கிறப்ப மைக்ரோபயாலஜி வகுப்புல ஒரு வரி வந்துச்சு. இந்தப் பூஞ்சையை லேப்ல சாதாரணமா வளர்க்க முடியாது, வளரணும்னா தட்டுல மேலாக ஆலிவ் எண்ணெய் ஊத்தணும். அதைப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஆறு வருஷமா எங்கம்மா என் தலையில பண்ணிட்டு இருந்ததும் அதுதானே? லேப்ல தட்டு, வீட்ல என் மண்டை.

எங்கம்மாவைக் குத்தம் சொல்லல. ஸ்கூல்ல சட்டம் அப்படி. எண்ணெய் வச்சு, ரெட்டை ஜடை மடிச்சுக் கட்டி, ரிப்பன் வச்சு வரணும். எண்ணெய் வைக்காம வந்தா பிரேயர்ல தனியா நிக்கணும். எண்ணெய் வச்சுப் போனா வெள்ளை யூனிஃபார்ம் தோள்ல செதில் விழுந்து, பின்பெஞ்சுல இருந்து "உப்புமூட்டை"ன்னு பேரு. இன்னிக்கும் எத்தனையோ பள்ளிக்கூடத்துல இதே கதைதான். டீச்சர்கள் யாராவது படிச்சா ஒரு வேண்டுகோள்: முடியைக் கட்டிட்டு வரச் சொல்லுங்க, வேணாம்னு சொல்லல. எண்ணெய் வழிய வரணும்னு சொல்லாதீங்க. நெத்தியில வழியிற எண்ணெய் பருவையும் கிளப்பும்.

இப்ப "நம்ம பாட்டி காலத்துல எல்லாரும் எண்ணெய் வச்சாங்க, அவங்களுக்கு என்ன ஆச்சு"ன்னு ஒரு குரூப் வரும். வாங்க.

உங்க பாட்டி எண்ணெய் *தேய்ச்சுக் குளிச்சாங்க*. சனிக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ, நல்லெண்ணெய் தேய்ச்சு, கொஞ்ச நேரம் ஊறி, சீயக்காயும் அரப்பும் போட்டு அரக்கித் தேய்ச்சு, எண்ணெய் சுத்தமா போற வரைக்கும் அலசினாங்க. அது எண்ணெயை எடுக்குற குளியல். நாம பண்றது என்ன? ராத்திரி எண்ணெய் வச்சு, தலையணையில துண்டு போட்டுப் படுத்து, காலையில அதுக்கு மேல இன்னொரு கை வச்சு, படியச் சீவி, வெயில்ல வேர்த்து, சாயங்காலம் திரும்பி வர்றது. வாரத்துக்கு ஒரு நாள் தலைக்குக் குளியல். இதுக்குப் பேர் பாரம்பரியம்னா பாட்டி கோவிச்சுக்குவாங்க.

தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லதுதான். முடித்தண்டுல இருந்து புரதம் கரைஞ்சு போறதைக் குறைக்குதுன்னு ஆராய்ச்சியே இருக்கு. ஆனா முடி வேற, தோல் வேற. வெளிய தெரியிற முடி உயிரில்லாத பொருள். அதுக்கு எண்ணெய் பூசலாம், பளபளன்னு இருக்கும். பிரச்சினை அதுக்குக் கீழ உயிரோட இருக்கிற தோல்ல. எண்ணெய் வச்சே ஆகணும்னா காதுக்குக் கீழ இருக்கிற முடிக்கு வைங்க. பொடுகு கெட்டியா அடை மாதிரி ஒட்டியிருந்தா, ஊறிக் கழண்டு வர்றதுக்காகக் குளிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கொஞ்சம் வைக்கலாம். வச்சா அன்னிக்கே ஷாம்பு போட்டு முழுசா எடுத்துடணும். "தேங்காய் எண்ணெயில லாரிக் அமிலம் இருக்கு, அது கிருமியைக் கொல்லும்"னு லிங்க் அனுப்பப் போறவங்களுக்கு: சோதனைக் குழாய்ல நடக்குறதும், வேர்த்து விறுவிறுத்த மண்டையில நடக்குறதும் ஒண்ணு இல்ல.

எண்ணெய் வைக்கிறதை நிறுத்தின மொத வாரம் செதில் அதிகமானா மாதிரி தெரியும். பயப்படாதீங்க. எண்ணெய் செதிலை ஒட்டி வச்சு மறைச்சுட்டு இருந்தது. "எண்ணெய் வச்சா பொடுகு குறையுது"ன்னு உங்களுக்குத் தோணுறதுக்குக் காரணமும் இந்தப் பசை வேலைதான்.

அடுத்து சமையல்கட்டு.

தயிர், வெந்தயம், கற்றாழை: பெரிய கெடுதல் இல்ல, பெரிய பலனும் இல்ல. குளுகுளுன்னு இருக்கும். அலசி எடுக்குறப்ப கொஞ்சம் செதிலும் சேர்ந்து போகும், அதைப் பார்த்து வேலை செஞ்சதா நினைச்சுக்குவோம். தோசைக்கு வச்ச வெந்தயத்தை வீணாக்காதீங்க, அவ்வளவுதான்.

எலுமிச்சை: இதுல எனக்குக் கோபம் உண்டு. ஏற்கனவே சொறிஞ்சு சொறிஞ்சு பொத்துப் போன தோல்ல அமிலத்தைத் தேய்க்கிறோம். அந்தச் சாறு தோல்ல இருக்கும்போது வெயில்ல போனா சில பேருக்கு அந்த இடம் வெந்து, கொப்புளம் வந்து, கருத்துப் போகும். நெத்தியில சாறு வழிஞ்ச கோடு அப்படியே கருப்பா படிஞ்சு வந்த ஒரு காலேஜ் பொண்ணைப் பார்த்திருக்கேன். பொடுகு அப்படியேதான் இருந்துச்சு.

கற்பூரம்: இதைக் கொஞ்சம் கவனமா படிங்க. எண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சிப் பாட்டில்ல வைக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல நிறைய. பேனுக்கும் அதுதான், பொடுகுக்கும் அதுதான். கற்பூரம் வயித்துக்குள்ள போனா சில நிமிஷத்துலயே குழந்தைக்கு வலிப்பு வரும். வில்லையோட கொஞ்சூண்டு போனாலும் வரலாம். ஒன்றரை வயசுக் குழந்தைக்கு அந்தப் பாட்டில் எட்டுற இடத்துல இருந்தா போதும். பச்சக் குழந்தை தலையில அதைத் தேய்க்கவே தேய்க்காதீங்க, தோல் வழியாவும் உள்ள இறங்கும். மண்ணெண்ணெய் பத்திப் பேசவே எனக்குத் தெம்பு இல்ல. வேண்டாம். அடுப்பு இருக்கிற வீடு.

பொடுதலைத் தைலம் பத்திச் சண்டைக்கு வராதீங்க. படிச்சுப் பதிவு செஞ்ச சித்த மருத்துவர் உங்க தலையைப் பார்த்து ஒண்ணு கொடுத்தா, அது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல. நான் சண்டை போடுறது, தலையையே பாக்காம வாட்ஸப்ல ஆர்டர் எடுக்குறவங்களோட. "41 மூலிகை, மூணு பாட்டில் கோர்ஸ், பொடுகும் போகும் வழுக்கையும் போகும், ஜிபே பண்ணுங்க சிஸ்டர்." வழுக்கையைக் குணப்படுத்தும்னு எந்த மருந்தும் சொல்லிக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டு மருந்து விதிகள்லயே ஒரு பட்டியல் இருக்கு. அந்தப் பட்டியலைப் பத்தி மூணு பாட்டில் அண்ணன்களுக்குக் கவலை இல்ல. ஒரு கோர்ஸ் வாங்கிட்டுக் கேக்கலன்னா "உங்க உடம்பு சூடு சிஸ்டர், இன்னும் ஒரு கோர்ஸ்". அந்தக் காசுல ஒரு வருஷத்துக்குச் சரியான ஷாம்பு வாங்கிடலாம்.

ஷாம்பு கம்பெனிக்காரங்களும் யோக்கியம் இல்ல. "100% பொடுகு நீங்கும்"னு போட்டு, கீழ எறும்பு சைஸ்ல ஒரு நட்சத்திரக்குறி. பொடுகு நூறு சதவீதம் ஒழியாது. அந்தப் பூஞ்சை உங்க தலையோட நிரந்தரக் குடித்தனம். நாம பண்ணக்கூடியது அதோட எண்ணிக்கையை அடக்கி வைக்கிறது மட்டும்தான். சர்க்கரை, பிரஷர் மாதிரி, ஆனா அவ்வளவு கஷ்டம் இல்ல.

அடக்கி வைக்கிறது எப்படி? இதுதான் நிறைய பேர் தப்பு பண்ற இடம்.

மெடிக்கல்ல கீட்டோகோனசோல் 2% ஷாம்புன்னு கேளுங்க. பிராண்ட் எதுவா இருந்தாலும் பரவாயில்ல, பின்னாடி இந்தப் பேர் இருக்கணும். மருந்துச்சீட்டு எழுதி வாங்கிக்கிறது இன்னும் நல்லது. இது இல்லன்னா ஜிங்க் பைரிதியோன் இருக்கிற ஷாம்பு, இல்ல செலினியம் சல்ஃபைடு. செலினியம் கொஞ்சம் நாறும், நரைமுடியிலயும் டை அடிச்ச முடியிலயும் நிறம் மாத்தும், நகையைக் கழட்டி வச்சுட்டுப் போடுங்க. அடை அடையா இருக்கிறவங்களுக்கு சாலிசிலிக் அமிலம் இல்ல தார் கலந்த ஷாம்பு தேவைப்படலாம்.

தலையை நல்லா நனைச்சு, முதல்ல சாதா ஷாம்புவாலயோ சீயக்காயாலயோ எண்ணெயையும் அழுக்கையும் எடுத்துடுங்க. அப்புறம் மருந்து ஷாம்பு. முடியில போடாதீங்க. வகிடு வகிடா பிரிச்சுத் *தோல்ல* படுற மாதிரி போடணும். விரல் நுனியால தேய்ங்க, நகத்தால வேண்டாம். அப்புறம் அஞ்சு நிமிஷம் அப்படியே விடணும். இந்த அஞ்சு நிமிஷம்தான் மருந்து. என்கிட்ட வந்து "ஷாம்பு போட்டும் கேக்கல மேடம்"னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் போட்ட உடனே அலசினவங்க. ஒரு முழுப் பாட்டு பாடி முடிங்க, அதுவரைக்கும் பக்கெட் பக்கம் போகாதீங்க. தண்ணி கஷ்டம் உள்ள வீட்ல இது எளிசு இல்லன்னு தெரியும். ஷாம்பு ஊறுற நேரத்துல மேலுக்குச் சோப்பு போட்டுக்கிட்டா ஒரே அலசல்ல முடிஞ்சிடும்.

வாரத்துக்கு ரெண்டு தடவை, நாலு வாரம். நல்லா ஆனதும் பாட்டிலை அலமாரில போட்டு மறந்துடுறோம், ரெண்டு மாசத்துல திரும்ப வந்ததும் "ஷாம்பு வேஸ்ட்"ங்கிறோம். ஷாம்பு வேஸ்ட் இல்ல. நல்லா ஆனப்புறமும் வாரத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ போட்டுட்டே இருக்கணும். மீதி நாள்ல சாதா ஷாம்பு. எண்ணெய் வழியிற தலைன்னா ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்கலாம், தினமும் கூடக் குளிக்கலாம். தலைக்குக் குளிச்சா சளி பிடிக்காது, சளியைக் கொடுக்குறது வைரஸ். பெண்கள் நீள முடியை ஈரத்தோட பின்னிப் போடாம, உலர்த்திட்டுக் கட்டுங்க.

கீட்டோகோனசோல் *மாத்திரை* வாங்கிப் போடாதீங்க. ஷாம்பு மேலோட போயிடும், மாத்திரை கல்லீரலைப் பதம் பார்க்கும். 2013-லயே அமெரிக்காவும் ஐரோப்பாவும் அந்த மாத்திரைக்குக் கடிவாளம் போட்டாச்சு. கர்ப்பிணிகள், பால் கொடுக்குற அம்மாக்கள் எந்த மருந்து ஷாம்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் உங்க டாக்டரைக் கேட்டுக்கங்க.

புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்னாடி, தாடி, நெஞ்சு இங்கெல்லாம் செவந்து மஞ்சள் செதில் வருதா? அதுவும் பொடுகோட அண்ணன்தான். அதுக்கு வேற களிம்பு இருக்கு, டாக்டர்கிட்ட வாங்க.

ஹெல்மெட்டால பொடுகு வருதுன்னு ஹெல்மெட்டைக் கழட்டி டேங்க் மேல வச்சுட்டு ஓட்டுற தம்பிகளே, வேர்வையில இருக்கிற பொடுகு கொஞ்சம் அரிக்கும், உண்மைதான். எமர்ஜென்சி டூட்டியில நான் பாக்குற தலைகளை நீங்க பார்த்தா இந்தப் பேச்சே பேச மாட்டீங்க. உள்ள ஒரு பருத்தித் துணியைக் கட்டுங்க, அதை தினம் துவைங்க.

பொடுகுல ரெண்டு நல்ல விஷயம் இருக்கு. ஒட்டாது. வழுக்கையும் ஆக்காது. சொறிஞ்சா முடி கொஞ்சம் உதிரும், அடங்கினா திரும்ப வளரும்.

அதனாலதான் அடுத்த பகுதி முக்கியம். *ஒட்டுதுன்னாலோ, ஒரு இடத்துல மட்டும் முடி போகுதுன்னாலோ அது பொடுகு இல்ல.*

மறுபடி அந்தப் பையன்கிட்ட வரேன். பச்சக் குழந்தைக்கு உச்சியில மஞ்சளா அடை கட்டும், அது அம்மா கொடுத்த ஹார்மோனால வர்றது. பிச்சு எடுக்காதீங்க, லேசா எண்ணெய் தடவி ஊற வச்சு, பேபி ஷாம்பு போட்டு, மெதுவான பிரஷ்ஷால எடுத்தா போதும், சில மாசத்துல தானா போயிடும். அதுக்கப்புறம் வயசுக்கு வர்ற வரைக்கும் பிள்ளைங்களுக்குப் பொடுகு வர்றது அபூர்வம். பள்ளிக்கூடம் போற வயசுல ஒரு பிள்ளைக்குத் தலையில வட்டமா செதில் வந்து, அங்க முடி ஒடிஞ்சு கருப்புப் புள்ளி புள்ளியா தெரிஞ்சா, வேறன்னு நிரூபிக்கிற வரைக்கும் அது படர்தாமரைதான். சீப்பு, தொப்பி, துண்டு, சலூன் மிஷின் வழியா ஒட்டும். அண்ணன் தங்கச்சி தலையையும் பாக்கணும். பூசுற களிம்பு மட்டும் போதாது, ஏன்னா பூஞ்சை முடியோட வேருக்குள்ள உக்காந்திருக்கு. மாத்திரை வேணும், வாரக்கணக்குல வேணும். கிரிசியோஃபுல்வின்னு பழைய மாத்திரை, விலை குறைவு, இன்னும் நல்லா வேலை செய்யுது. கொழுப்புள்ள சாப்பாட்டோட கொடுத்தாதான் உடம்புல ஏறும். அதனால அந்தப் பையனோட அம்மாகிட்ட சொன்னேன், "எண்ணெயைத் தலையில ஊத்தாதீங்கம்மா. ஒரு முட்டையைப் பொரிச்சுக் கொடுத்து, கூட மாத்திரையைக் கொடுங்க."

பெரியவங்களுக்கு வெள்ளி நிறத்துல தடிமனான செதில், நெத்தி முடிக்கோட்டைத் தாண்டி வெளிய வருது, முழங்கை முழங்கால்லயும் இருக்கு, நகத்துல குழி குழியா இருக்குன்னா சொரியாசிஸா இருக்கலாம். மூட்டு வலியும் சேர்ந்திருந்தா தள்ளிப் போடவே கூடாது. ஊதினா பறக்காம முடியில ஒட்டிட்டு இருக்குன்னா அது ஈறு, வீட்ல இன்னொருத்தருக்கும் பேன் இருக்கும். இதுவரைக்கும் ஒண்ணுமே இல்லாத ஒருத்தருக்குத் திடீர்னு தலை, முகம், நெஞ்செல்லாம் மோசமா வந்தா, எதிர்ப்பு சக்தி எப்படி இருக்குன்னு நாங்க ரத்தம் பார்ப்போம். ஏன் இந்த டெஸ்ட்னு கோவிச்சுக்காதீங்க.

இப்ப அந்த ட்யூப். மெடிக்கல்ல "பொடுகு, அரிப்பு"ன்னு கேட்டா நிறைய இடத்துல கை நீட்டுறது ஒரே மாதிரி களிம்பு. ஒரு ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாட்டிக், சில சமயம் இன்னொண்ணு, எல்லாம் ஒரே ட்யூப்ல. போட்ட ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுடும். அதுதான் ஆபத்து. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், செவப்பை அடக்கும், கூடவே அந்த இடத்தோட எதிர்ப்பையும் அடக்கும். காவலுக்கு நின்னவன் தூங்கிட்டா உள்ள இருக்கிற படர்தாமரைக்குக் கொண்டாட்டம். வெளிய வட்டமே தெரியாம உள்ள பரவும், பாக்குற டாக்டருக்கும் அடையாளம் தெரியாது. 2018-ல மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. உங்க தெரு மெடிக்கல்ல இன்னிக்கு சாயங்காலம் போய்க் கேட்டுப் பாருங்க, சீட்டு கேக்குறாங்களான்னு. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்ல. சொரியாசிஸுக்கு நாங்களே எழுதுறோம். எந்த நோய்னு தெரியாம போடுறதுதான் கெடுதல்.

எல்லாரையும் திட்டியாச்சு. இப்ப என் முறை.

சில வருஷம் முன்னாடி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்தேன். ஒரு திங்கக்கிழமை, நூத்தம்பது சீட்டு. ஒரு பாட்டி, பேத்தியைக் கூட்டிட்டு வந்தாங்க, எட்டு வயசு இருக்கும். "தலை அரிக்குதாம்மா." நான் எழுந்திரிக்கக்கூட இல்ல. ரெட்டை ஜடையை அவிழ்க்கச் சொல்லல. வகிட்டுல செதில் தெரிஞ்சது, "பொடுகு, சுத்தமா வச்சுக்கங்க, எண்ணெய் வைங்க"ன்னு சொல்லி, அரிப்புக்கு ஒரு மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். ஆமா, எண்ணெய் வைங்கன்னு நான்தான் சொன்னேன். பாடம் படிச்சவ, தட்டுல ஆலிவ் எண்ணெய் ஊத்துற கதையெல்லாம் தெரிஞ்சவ. வாயில வந்தது எங்கம்மா சொன்னதுதான்.

மூணு மாசம் கழிச்சு வேற ஒரு காய்ச்சலுக்கு அதே பிள்ளை வந்துச்சு. ஜடைக்குக் கீழ ரெண்டு ரூபா காசு அளவுக்கு வழவழன்னு ஒரு வெறும் இடம். வீட்ல தங்கச்சிக்கும் ஆரம்பிச்சிருந்தது. பாட்டி என்னைக் குத்தமே சொல்லல. "நீங்க சொன்ன மாதிரி விடாம எண்ணெய் வச்சோம்மா"ன்னுதான் சொன்னாங்க.

அதுக்கப்புறம், தலை அரிக்குதுன்னு எந்தப் பிள்ளை வந்தாலும் முடியை அவிழ்க்கச் சொல்லி, வெளிச்சத்துல நிக்க வச்சுப் பார்க்காம அனுப்புறதில்ல. ஒரு நிமிஷம் கூட ஆகாது. நீங்களும் கேளுங்க. டாக்டர் தலையைத் தொடாம சீட்டு எழுதினா, "மேடம், ஒரு தடவை முடியைப் பிரிச்சுப் பார்த்துடுங்க"ன்னு சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

இன்பாக்ஸ்ல தலை போட்டோ அனுப்பாதீங்க. அதுல வெள்ளையா ஏதோ இருக்குங்கிறது மட்டும்தான் தெரியும், என்னன்னு தெரியாது. நாலு வாரம் ஷாம்பு சரியா போட்டும் அடங்கலன்னாலோ, மேல சொன்ன எந்த அடையாளம் இருந்தாலோ, பக்கத்து மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தோல் நோய் ஓபி இருக்கு. செதிலைச் சுரண்டி, ஒரு சொட்டு மருந்து விட்டு, மைக்ராஸ்கோப்ல பார்த்துச் சொல்லிடுவாங்க. காசு கிடையாது. காலையில சீக்கிரம் போய் சீட்டு போடுங்க. போற அன்னிக்குத் தலையில எண்ணெய் வச்சுட்டுப் போகாதீங்க, ஒண்ணும் தெரியாது.

பையனோட ரிவ்யூ அடுத்த திங்கக்கிழமை. கூட அவன் அக்காவையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். அவளுக்கும் ரெண்டு வாரமா "பொடுகு"ன்னு சொன்னாங்க.